கறிவேப்பிலைப் புழுவை விட்டுவை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். குளிருக்கு ஒரு நல்ல போர்வை கொடுத்தனுப்பு.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சி தங்க மாட்டேன் என்கிறதே என்று அவள் ஏங்குகிறாள். அதே மாடியில் கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழுக்களை உன் அத்தை குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறார். அந்தப் புழுக்கள்தான் கோமதி, அவள் தேடுகிற வண்ணத்துப்பூச்சிகள். கறிவேப்பிலைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகை: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. பூவுக்கு வருவது தேன் குடிக்க மட்டும். முட்டையிட வேண்டுமானால் தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, குட்டி தின்னக்கூடிய செடிதானா என்று உறுதி செய்துகொள்ளும். பூச்செடி நூறு வைத்தாலும் அந்த இலை இல்லாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அத்தையின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கம்பளிப்பூச்சி பட்டுத் தடித்துப்போன தோலை நம் ஊரில் பார்க்காதவர் யார்? முருங்கை மரத்தில் பகலில் அடிமரத்தோடு கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதன் மயிர் பட்டால் உண்மையிலேயே அரிக்கும். அது வண்ணத்துப்பூச்சியாக மாறுவதில்லை, அந்துப்பூச்சியாகும். அதை விட்டுவை என்று நான் சொல்லவில்லை. நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடலாம். மயிர் பட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடுத்தியிருந்த துணியையும் தனியாகத் துவைக்க வேண்டும். மயிர் கண்ணுக்குள் போனால் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே டாக்டரிடம் போவதுதான் சரி.

கறிவேப்பிலைப் புழுவுக்கு மயிரே கிடையாது. தோலுரித்துத் தோலுரித்து வளரும் அது, முதல் நான்கு பருவத்திலும் காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம், ஆனால் அதைப் பார்த்துத்தான் நாமும் முகம் சுளிக்கிறோம். ஐந்தாவது பருவத்தில் பச்சைப் பசேலென்று மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பு நீளும், ஒரு நெடியும் வரும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது. கொட்டாது, கடிக்காது, தடிக்காது. அத்தையிடம் இதை மட்டும் ஒருமுறை காட்டிவிடு.

ஓசூர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் புழு மனைக்குள் செருப்புக் காலோடு யாரையும் விடமாட்டார்கள். இளம்புழுவுக்குக் கொழுந்து மல்பெரி இலையைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் அது கூடு கட்டும். ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு இழை இருக்கும். பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். கல்யாணப் புடவைக்கு எல்லாரும் கொண்டாடுவது அந்தப் புழுவின் உழைப்பை. அதுவும் வழவழவென்று நெளிகிற புழுதான். பழகினவர்களுக்கு அருவருப்பு வருவதில்லை. 2019-இல் தமிழ் மறவனை நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். படம் எங்கும் பார்க்கிறோம், அதன் புழு எப்படியிருக்கும் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது. சமையலுக்கு ஒரு தொட்டி, புழுவுக்கு ஒரு தொட்டி என்று இரண்டு கறிவேப்பிலை வை. சமையல் செடியில் புழு கண்டால் கையால் பிய்க்காதே, அது கால்களால் இறுகப் பிடித்திருக்கும். இலையோடு கிள்ளி மற்றதில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். ஒன்றரை அடிச் செடி ஐந்தாறு புழுவுக்கு மேல் தாங்காது. மொட்டையானாலும் பதறாதே, வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்த்துவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலை அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதே. 'இயற்கை மருந்து' என்று விற்கும் பி.டி. பாக்டீரியாத் தூளும் அப்படியே. எந்தப் புழு என்று பார்க்காது, குடலை அரித்துக் கொன்றுவிடும். நர்சரியிலிருந்து வந்த புதுச் செடியில் புழு பச்சையாகக் கக்கித் துடித்தால், வேர் வழியாக மருந்து ஏற்றிய செடி என்று சந்தேகப்படு. இலையைக் கழுவிப் பயனில்லை, விஷம் உள்ளே இருக்கிறது. பழைய இலையைக் கழித்துவிட்டு, புதுக் கொழுந்து நிறைய வரும்வரை காத்திரு.

சின்னவள் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு புழு போதும். வாயை மெல்லிய துணியால் கட்டு. பிளாஸ்டிக் மூடி போட்டால் வேர்த்து ஈரம் சேரும், புழு கறுத்துத் துவண்டு தொங்கிவிடும். அப்படி ஒன்று செத்தால் அதை எடுத்தெறிந்து, பாட்டிலைக் கொதிநீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததை விட வேண்டும். கறிவேப்பிலைக் கொத்தைச் சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, வாயைப் பஞ்சால் அடை. இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் கொட்டு. அவ்வப்போது புழு தின்னாமல் அசையாமல் கிடக்கும். நோய் என்று நினைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது, அது தோலுரிக்கும் நேரம்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் தண்ணீராகக் கழிந்துவிட்டு இங்குமங்கும் அலையும். அப்போது ஒரு குச்சியைச் சாய்த்து வை. வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றி, மறுநாள் கூட்டுப்புழுவாகிவிடும். சூழலுக்கேற்ப அது பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். நம் வெயிலில் எட்டுப் பத்து நாளில் கறுத்து, இறக்கையின் வடிவம் வெளியே தெரியும். மறுநாள் காலை வண்ணத்துப்பூச்சி வெளியே வந்துவிடும். வெளியே வரத் திணறுகிறதே என்று கூட்டைப் பிரித்து உதவக் கூடாது. இறக்கை விரிந்து காயத் தலைகீழாகத் தொங்க இடம் வேண்டும், இடம் பற்றாவிட்டால் சுருண்டபடியே காய்ந்துவிடும். பழுப்பாகச் சில சொட்டு விழுந்தால் பயப்படாதே, கழிவுதான்.

எல்லாமே வண்ணத்துப்பூச்சியாகிவிடாது, இதைச் சின்னவளிடம் முன்பே சொல்லிவை. கூட்டில் குண்டூசித் துளை இருந்தால் சிறு குளவிகள் உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டன என்று பொருள். வெள்ளை நூல்போல ஏதாவது தொங்கினால் அது ஈயின் புழு இறங்கிய தடம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்கை வெட்டப் போவதாக எழுதியிருந்தாய். வெட்டுமுன் இலையின் அடியில் பார். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள் நீட்டியபடி ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன். எருக்கின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. பாலைக் கண்ணில் தெறிக்கவிடாமல் இரண்டு கிளையாவது விட்டுவை.

அண்ணனுக்கு என் வணக்கம். கூடு கறுத்த அன்றைக்கே ஒரு வரி எழுது, சின்னவளைக் காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடு.

உன்,
வள்ளி