தாத்தாவின் நாணயங்களைத் தேய்க்காதே

அன்புள்ள ரவிக்கு,

அம்மா எழுதுவது. தாத்தாவின் நாணயப் பையை நீ தில்லிக்கு எடுத்துக்கொண்டு போனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் "எல்லாம் கறுத்துக் கிடக்கு, புளி போட்டுத் தேய்ச்சுடட்டுமா?" என்று நீ போனில் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை.

வேண்டாம்டா. புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி, பித்தளைப் பொடி எதுவும் கிட்டே போகக்கூடாது. குத்துவிளக்கு தேய்த்தால் மினுங்கும். நாணயம் தேய்த்தால் விலை இறங்கும். வெள்ளி கறுப்பது அழுக்கால் இல்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் பட்டு மேலே படியும் படலம் அது. சேகரிப்பவர்கள் அந்த நிறத்தை விரும்பித் தேடுவார்கள். செப்புக் காலணாவைப் புளியில் போட்டால் இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும். இங்கே மும்பை ஃபோர்ட்டில் எந்த நாணய வியாபாரியிடம் நீட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

பையில் 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் மன்னர் ரூபாய் இருக்கும். லென்ஸ் வைத்து மன்னரின் அங்கியைப் பார். சின்னதாக ஒரு யானை, தும்பிக்கை குட்டையாக. அது பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் கொதித்ததால் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். தாத்தாவுக்கு அந்த ரூபாய் மேல் தனிப் பிரியம். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி, மிருதுவான உலோகம். தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த யானை மாதிரி நுணுக்கங்கள்தான். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெளுக்கிற வீடியோக்களையும் நம்பாதே. கறுப்பு போகும், கூடவே அந்தப் பழைய நிறமும் போய்விடும்.

சரி, பிசுக்கு ஒட்டியிருந்தால்? காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருநாள் ஊறவிடு. டேப் பசை என்றால், அதைக் கரைக்கிற சுத்தமான அசிட்டோன் திரவம். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வாங்கிவிடாதே, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கமே போகாமல் செய். சட்டென்று தீப்பிடிக்கும். எடுத்ததும் பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடு, துடைக்காதே. நாணயத்தை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்கணும்.

செப்புக் காசில் எங்காவது வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அதை உடனே தனியாக வை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து வருகிற அரிப்பு அது, உள்ளே தின்றுகொண்டே போகும். மாட்டுங்கா மழைக்காலம் எத்தனை வருஷம் பார்த்த காசுகள் அவை! அப்புறம், மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் போடாதே, அதிலும் கந்தகம் உண்டு. மைலார் என்கிற பாலியெஸ்டர் உறையில் போட்டு, டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் வை.

தீபாவளிக்கு வரும்போது அந்த 1911 ரூபாயைக் கொண்டு வா. ஃபோர்ட்டில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்கு நாம் இரண்டு பேரும் போகலாம். தாத்தா என்னை எங்கேயெல்லாம் நிறுத்திக் கதை சொன்னார் என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா