நிலவுக்குப் போனது பொய் என்று பேசிய மேடையில் எங்களுக்கும் ஒரு மணி நேரம் தாருங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும், ஆண்டு விழாக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவில் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். சிறப்பு விருந்தினர் பேசியதை முழுதாகத் திருப்பி எழுத எனக்கு மனம் இல்லை. காற்றே இல்லாத இடத்தில் கொடி ஆடியது எப்படி, வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே ஏன், 1969-ல் காட்டியதெல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படம், இனிமேல் போகப்போவதாகச் சொல்வதும் இதே கதைதான் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். கை தூக்கி நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம், "நேரமாச்சும்மா, உட்காரு" என்று மைக்கிலேயே சொன்னார்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். அடுத்து நடன நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதே மேடையில், அதே பிள்ளைகள் முன்னால், அவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் தாருங்கள்.

நான் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மகள் உங்களிடம்தான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். பிள்ளைகள் சார்ட்டுக்கும் புராஜெக்டுக்கும் படம் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். அதனால் எந்தப் பாடம் அவர்களை உலுக்கியிருக்கிறது என்பது கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும். சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்டில் விக்ரம், பிரக்யான் படங்களைக் கேட்டு வந்த கூட்டத்தில் கலர் மை தீர்ந்துபோனது. ஆண்டு விழா முடிந்த வாரம் வந்த பிள்ளைகள் கேட்டது வேறு. "அக்கா, அந்த ஸ்டுடியோ படம் இருக்கா?"

கை தூக்கிய அந்த மாணவி கண்காட்சிக்காக நிலவுப் பயணச் சார்ட் செய்திருந்தாள். கைச்செலவுக் காசைச் சேர்த்துவைத்து என் கடையில் கலர் பிரிண்ட் எடுத்துப் போனவள். தெர்மகோலில் ஓர் இறங்கு கலமும் செய்தாள். கால்களுக்கு ஊதுபத்திக் குச்சி, மேலே மிட்டாய்த் தாளின் தங்க நிறம். விழாவுக்குப் பிறகு வகுப்பில் அவளுக்கு 'ஸ்டுடியோ' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் இருந்த சார்ட்டை அவளே கழற்றிவிட்டாள்.

அப்புறம் வந்த பொது அறிவுத் தேர்வுத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நிலவில் முதலில் கால் பதித்தவர் யார் என்பது கேள்வி. நீல் ஆம்ஸ்ட்ராங் என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, வேறு பேனாவில் 'என்று சொல்கிறார்கள்' என்று சேர்த்திருக்கிறாள். அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். பக்கத்தில், 'பாடத்தில் உள்ளதை மட்டும் எழுது' என்று ஒரு வரி. தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க எடுத்துத் தந்த படம் எல்லாம் நெசமாக்கா? எங்க ஆச்சி, மேடையில பெரிய மனுசன் பொய் சொல்லுவாராட்டின்னு கேக்கா."

ஐயா, இதை நான் எந்த ஆசிரியர் மேலும் குறையாக எழுதவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். மேடையில் சந்தேகப்படு என்று கை தட்டிச் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பில் சந்தேகப்பட்டதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தோம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கு ஒருவராவது ஆதாரம் காட்டினோமா? சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. பதினாலு வயதில் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதைப் பதில் இல்லாமல் அனாதையாக விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் இல்லாமலா இருக்கிறது? அந்தக் கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. காற்று இல்லாத இடத்தில் கொடி தொங்கிப் போகும் என்று தெரிந்துதான் அதைக் கோத்துக் கொண்டுபோனார்கள். 1969-ல் ஆம்ஸ்ட்ராங் போன அப்போலோ 11 பயணத்தில் அந்தக் கம்பி முழுதாக நீளவில்லை, அதனால் துணி சுருங்கி, பறப்பதுபோல் தெரிகிறது. கம்பத்தை மண்ணில் திருகி ஊன்றும்போது ஆடியது. எதிர்க்கக் காற்று இல்லாததால் ஆட்டம் அடங்க நேரமானது. நட்சத்திரக் கேள்விக்கு நம் கோயில் கொடைத் திருவிழா அன்றே பதில் கிடைக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கும் ஆளைப் போனில் படமெடுத்தால் பின்னால் வானம் கறுப்பாகத்தான் விழும். அவர்கள் இறங்கியது நிலவின் பகலில். வெயிலில் பளிச்சென்ற தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்றபடி வைத்த கேமராவில் நட்சத்திரம் எப்படி விழும்?

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பிள்ளைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஆதாரத்தை எடைபோடுவது எப்படி என்பதை. அப்போலோவில் போனவர்கள் நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்ப வைத்து இன்றும் தூரம் அளக்கிறார்கள். நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இதை மட்டும் சொல்லி முடித்தால் அது ஏமாற்று. ஏனென்றால் சோவியத் நாடும் ஆளில்லா வண்டியில் கண்ணாடி வைத்தது; கண்ணாடி இருப்பதால் மட்டும் மனிதர் போனார் என்று ஆகிவிடாது. சரி, அப்போது பாறையைப் பார்ப்போம். சோவியத்தின் மூன்று லூனா கலங்களும் சேர்ந்து கொண்டுவந்த மண் அரைக் கிலோகூட இல்லை. சீனாவின் சாங்கே-5, 2020-ல் கொண்டுவந்தது 1,731 கிராம். அப்போலோவின் ஆறு பயணங்களில் வந்தது 382 கிலோ. மனிதர் போகாமல் அன்று அவ்வளவு பாறை எப்படி வந்திருக்கும்? பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதை உடைத்துப் பார்த்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேல், அன்றைய போட்டியாளர் யார்? அப்போலோ 11 நிலவில் நின்றிருந்த அதே நேரத்தில் சோவியத்தின் லூனா 15 மேலே சுற்றிக்கொண்டிருந்தது. 1969 ஜூலை 21 அன்று, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கிளம்புவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு, அது நிலவில் மோதி நொறுங்கியது. அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால் உலகத்துக்கு அறிவிக்க சோவியத்காரர்களைவிட ஆவலாக யார் இருந்திருப்பார்கள்? அவர்கள் மறுக்கவில்லை. பிறகு 2009-லிருந்து நாசாவின் சுற்றுக்கலம் அந்த இடங்களைப் படமெடுத்திருக்கிறது. விட்டுவந்த கலத்தின் அடிப்பகுதியும் மனிதர் நடந்த தடமும் தெரிகின்றன. நாசாவை நம்பமாட்டேன் என்பவருக்கு நம் சந்திரயான்-2 இருக்கிறது. அதன் கேமராவும் அப்போலோ 11 இறங்கிய இடத்தைக் காட்டியிருக்கிறது.

"அப்போதே போனவர்கள் ஏன் அப்புறம் போகவில்லை?" என்று விருந்தினர் கேட்டாரே, அதுதான் அவர் கேட்டதில் நல்ல கேள்வி. 1972 டிசம்பருக்குப் பிறகு யாரும் நிலவில் கால் வைக்கவில்லை என்பது உண்மை. காரணம் பணமும் அரசியலும். 1966-ல் அமெரிக்க அரசின் செலவில் நான்கு சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை சதவீதம்கூட இல்லை. ரஷ்யாவை முந்தியாயிற்று என்றதும் திட்டமிட்டிருந்த கடைசி மூன்று பயணங்களை ரத்து செய்தார்கள். அப்போலோவைத் தூக்கிப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டைச் செய்த தொழிற்கூடங்களில் அந்த வேலையை நிறுத்தினார்கள், செய்த கைகள் ஓய்வு பெற்றன. இப்போது போக நினைப்பதும் அன்றைய மாதிரி மூன்று நாள் தங்கித் திரும்ப அல்ல. நிலவின் தென்துருவத்தில், வெயிலே படாத பள்ளங்களில் உறைந்த நீர் இருப்பதால் அங்கே நீண்ட நாள் தங்கிப் பழகப் பார்க்கிறார்கள். நாசாவின் புதிய நிலவுத் திட்டம் ஆர்ட்டெமிஸ். 2022-ல் ஆளில்லாமல் போய்த் திரும்பிய ஆர்ட்டெமிஸ் 1-ல், பூமிக்குத் திரும்பும்போது கலத்தைச் சூட்டிலிருந்து காக்கும் வெப்பக் கவசம் எதிர்பாராத விதமாக ஆங்காங்கே துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. நாசாவே அதை வெளியில் சொல்லி, காரணம் தேடி, ஆள் போகும் பயணத்தைத் தள்ளிவைத்தது. ஸ்டுடியோவில் படம் எடுப்பவருக்கு வெப்பக் கவசத்தைப் பற்றி என்ன கவலை? நிலவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2-க்கென 2023 ஏப்ரலில் நான்கு பேரை அறிவித்தார்கள். அதில் கிறிஸ்டினா காக் என்ற பெண்ணும் உண்டு. சீனா 2030-க்குள் தன் ஆட்களை இறக்கப் பார்க்கிறது. 2040-க்குள் ஓர் இந்தியர் நிலவில் இறங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் நம் நாடும் இலக்கு வைத்திருக்கிறது. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் அன்று முப்பதை ஒட்டிய வயதில், வேலையின் உச்சத்தில் இருப்பார்கள். ஐயா, அந்த வேலையில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டாமா?

பள்ளி மைதானத்தில் நின்றாலே மகேந்திரகிரி மலை தெரிகிறது. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகம் அங்கேதான் இருக்கிறது. சந்திரயான்-3-ஐத் தூக்கிய ராக்கெட்டின் மேலடுக்கில் இருக்கும், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று 25 வினாடி எரித்துச் சோதித்தது அந்த வளாகத்தில்தான். ககன்யானில் மனிதரை ஏற்றிச் செல்ல அந்த எஞ்சின் தகுந்தது என்பதற்கான சோதனைகள் 2024 பிப்ரவரியில் முடிந்ததும் அங்கேதான். நம் பிள்ளைகளில் சிலரின் அப்பாமார் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போய் வருகிறவர்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். உலகத்தின் வேறு எந்த மூலையிலும் இந்தப் பேச்சு எடுபடலாம். மகேந்திரகிரி அடிவாரத்தில் எடுபட்டது என்றால் அதற்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

கோபம் இதோடு நிற்கவில்லை. சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் மேடை யாருக்குக் கிடைக்கிறது? பந்தல் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஏற்பவருக்கு. அவர் என்ன பேசுவார் என்று முன்கூட்டி ஒருவரும் கேட்பதில்லை. அறிவியல் ஆய்வகத்தைத் திறந்தால் பழைய நாற்காலியும் விழாத் தட்டிகளும் அடைந்து கிடக்கின்றன. முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த தொலைநோக்கி பெட்டி பிரிக்காமல் பீரோவுக்குள் இருக்கிறது. கெட்டுப்போய்விடும் என்று பூட்டி வைத்தார்களாம். பிறை நிலவை அதன் வழியே ஒருமுறை பார்த்த பிள்ளையிடம் எவரும் போய்ப் பொய்க்கதை அளந்துவிட முடியாது. கண்காட்சி அன்று அதிகாரி வந்து புகைப்படம் எடுத்து முடித்ததும் மேசையை இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். பிள்ளை எதைச் செய்தது, ஏன் செய்தது என்று கேட்க நமக்கு ஐந்து நிமிடம் இல்லை. போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் நேரம் கிடைக்கிறது.

பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததை விட்டுத் தள்ளிப் போய்விட்டேன். மரியாதையோடு மறுபடியும் கேட்கிறேன். அதே மேடையில் ஒரு மணி நேரம். வந்த விருந்தினரைக் கண்டித்து யாரும் பேச வேண்டியதில்லை. அவரையும் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து கேட்கட்டும், எதிர்த்தும் பேசட்டும். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தால் போதும். நம் இயற்பியல் ஆசிரியை பதில் சொல்லத் தயாராக இருக்கிறார். ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் அவரால் மேடை ஏற முடியாது. மகேந்திரகிரி வளாகத்திலிருந்து தமிழில் பேசும் பொறியாளர் ஒருவரை அழைக்கப் பள்ளியின் தலைப்புத்தாளில் உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். கடிதத்தை நானே டைப் அடித்துத் தருகிறேன், நீங்கள் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். சந்திரயான்-2 எடுத்த படத்தையும் நாசாவின் படத்தையும் பெரிய அளவில் கலரில் எடுத்துத் தருவது என் பொறுப்பு, பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை. அன்று மாலை அந்தத் தொலைநோக்கியையும் பீரோவிலிருந்து எடுத்து மைதானத்தில் வைக்க அனுமதி தாருங்கள். வளர்பிறையில் ஒரு நாளாகப் பார்த்தால் நல்லது.

அந்தப் பிள்ளையின் அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்டு நான் எழுதவில்லை. கை தூக்கியவளை உட்காரச் சொன்ன அதே மைக்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் கேள்வியை அவள் கேட்கட்டும் என்று சொல்லுங்கள். காலாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் பிள்ளைகளைக் கூட்டுவது கஷ்டம். அதற்கு முன்பு ஒரு தேதி சொல்லுங்கள். அலுவலக உதவியாளரிடம் சொல்லி அனுப்பினாலும் சரி, என் கடை காலை எட்டு மணிக்கே திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவியின் தாய்,
வள்ளியூர் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்