மலிவு கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்: நம் தொழிற்பேட்டைச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகக் குழுவினருக்கும், பேட்டையில் பட்டறை நடத்தும் சக உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

கோவையில் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) போட்டு, பம்பு உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் உங்களில் ஒருவன் நான். சங்கத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். மெஷின் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), யுபிஎஸ் பராமரிப்பு, இன்டர்நெட், ஜிஎஸ்டி தாக்கல் ஆகிய நான்கையும் எல்லா யூனிட்டுகளுக்கும் சேர்த்துப் பேசி, ஆகக் குறைந்த விலை சொல்பவரிடம் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்து பேசுவது நல்ல யோசனைதான். தனித்தனியாகப் போய் நின்றால் நம்மை யாரும் சட்டை செய்வதில்லை. ஆகக் குறைந்த விலை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அரசு அலுவலகங்கள் குறைந்த விலைக்காரருக்கே வேலையைக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் வந்த தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, தணிக்கையில் கேள்வி வரும், அதிகாரி பதில் சொல்ல வேண்டும். நமக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. மெஷின் நம்முடையது, நின்றால் நஷ்டமும் நம்முடையது. யாரிடம் வேலையைக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று நமக்கு நாமே பதில் சொன்னால் போதும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லேத்துக்கு மணிக்கு 500 ரூபாய் ரேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம். ஒரு நாள் நின்றால் 8,000 ரூபாய் போச்சு. மூன்று நாள் நின்றால் 24,000. ஆபரேட்டருக்குச் சம்பளம் உண்டு, பம்பு கம்பெனிக்காரர் போன் மேல் போன் போடுவார், அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். இவ்வளவும் ஏஎம்சியில் வருடத்துக்குப் பத்தாயிரம் மிச்சம் பிடித்ததற்காக.

அப்படி மிச்சம் பிடித்த ஓர் ஒப்பந்தம் எங்கள் பட்டறையிலும் இருந்தது. நிறுவனம் பெரியது, பெயர் வேண்டாம். ஸ்பிண்டில் டிரைவ் அலாரம் அடித்து மெஷின் நின்றது. டோல் ஃப்ரீ எண், டிக்கெட் நம்பர், மெசேஜ் எல்லாம் முறைப்படி வந்தன. ஆள் மட்டும் வரவில்லை. சாயங்காலம், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொரு மெசேஜ். விசாரித்தால், வாடிக்கையாளர் இடத்தில் இல்லை என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கிறார்கள். நான் நாள் முழுக்க அந்த மெஷின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுநாள் புது டிக்கெட் போட்டார்கள். அவர்கள் கணக்குப்படி இரண்டு புகார்கள், இரண்டும் குறித்த நேரத்தில் தீர்ந்தவை. அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் போடும் சதவீதத்தில் நானும் ஒரு திருப்தியான வாடிக்கையாளராக இருக்கக்கூடும்.

இப்போது எங்களுக்குப் பார்ப்பவர் இரண்டே பையன்களை வைத்துக்கொண்டு சின்ன அளவில் தொழில் செய்பவர். விலை கொஞ்சம் கூட. போன் எடுப்பார். 'இன்னிக்கு வர முடியாதுங்க, பொள்ளாச்சியில இருக்கேன், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடறேன்' என்று சொன்னால் எட்டு மணிக்கு நிற்பார். அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். நாளை காலைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஆபரேட்டரை வேறு மெஷினுக்கு மாற்றலாம், கம்பெனிக்காரரிடம் நேராகச் சொல்லிவிடலாம், அவசர வேலையை வெளியில் கொடுத்து முடிக்கலாம். 'இதோ கிளம்பிட்டாங்க' என்ற பொய்யில் நாள் முழுக்கக் காத்திருந்தால் இதில் எதையும் செய்ய முடியாது.

இன்னொன்று. மெஷின் நன்றாக ஓடும்போதும் அவர் வருவார். பேட்டரி அலாரம் வரும் முன்பே பேட்டரியை மாற்றுவார். அதுவும் பவர் ஆனில் இருக்கும்போதே. அணைத்துவிட்டு மாற்றினால் பாராமீட்டர், அதாவது மெஷினின் செட்டிங் எல்லாம் அழிந்துபோகும் வகை மெஷின்களும் உண்டு. பாராமீட்டரை மெமரி கார்டில் பேக்கப் எடுத்து, ஒரு நகலை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போவார். நாளைக்கு அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டாலும் எங்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. நல்ல சேவை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கொட்டேஷனில் இதற்கென்று ஒரு வரியும் இருக்காது, அதனால் விலைப் பட்டியலை மட்டும் ஒப்பிடும்போது இவர் தோற்றுத்தான் போவார்.

சேவை சரியில்லை என்றால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நம் உறுப்பினர்கள் சிலர் நினைக்கிறார்கள். நமக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக்கிய வழக்குகளில் முக்கியமான ஒன்றில் நம் ஊரும் இருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் ஒரு சிஎன்சி மெஷின் வாங்கி, தாமதமாக வந்தது, குறைகள் இருக்கின்றன என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 1995-இல் தீர்ப்பானது: வாங்கியவர் நுகர்வோர் அல்ல, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சொந்தமாக ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு உதாரணமும் சொன்னது. நிறுவனம் எடுக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி போன்றவற்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இளக்கம் காட்டியது. ஆனால் ஆள் வைத்து ஷிப்ட் ஓட்டும் பட்டறைக்காரர் ஏஎம்சி புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நீங்கள் நுகர்வோரா என்ற வாதத்திலேயே வருடங்கள் கழியும்.

சிவில் நீதிமன்றத்துக்கே போனாலும் நின்ற மெஷினின் நஷ்டத்தை அப்படியே வாங்கிவிட முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த விளைவுகளுக்கும், இயல்பாக வரக்கூடிய நஷ்டத்துக்கும்தான் ஈடு தருகிறது. இந்த விதியின் வேர் 1854-இல் வந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பு. குளொஸ்டர் ஊரில் ஒரு மாவு மில்லின் ஷாஃப்ட் உடைந்தது. புதியது செய்ய மாதிரிக்காக அதை வண்டிக்காரரிடம் கொடுத்தார்கள், அவர் தாமதம் செய்தார், அத்தனை நாளும் மில் நின்றது. அதனால் போன லாபத்தை வண்டிக்காரர் ஈடு செய்ய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்; ஷாஃப்ட் வராவிட்டால் மில்லே ஓடாது என்பது வண்டிக்காரருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று காரணம் சொன்னது. கிட்டத்தட்ட நம் கதைதான். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: இந்த மெஷின் நின்றால் மணிக்கு இவ்வளவு நஷ்டம், இத்தனை மணி நேரத்தில் ஓட வைக்காவிட்டால் கட்டணத்தில் இவ்வளவு கழிவு. 'நான்கு மணி நேரத்தில் வருவோம்' என்று மட்டும் எழுதித் தந்தால் ஏமாறாதீர்கள். வந்து பார்த்துவிட்டு, 'பார்ட்ஸ் இல்லை' என்று போவதும் அந்தக் கணக்கில் சேவைதான்.

இன்டர்நெட்டில் இதைவிடச் சுலபமாக ஏமாறலாம். 99 சதவீத நேரம் இணைப்பு இருக்கும் என்று கேட்டால் பெரிதாகத் தெரிகிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம், அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம். ஒரு பகல் ஷிப்ட் கிட்டத்தட்ட முழுதாகப் போனாலும் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியவர்கள்தான்.

ஜிஎஸ்டி தாக்கலைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதுதான் இந்த நான்கில் ஆபத்தானது. நம் பில் நம் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைப் பில்களின் கணக்கு) வழியாகப் போனால்தான் பம்பு கம்பெனியின் 2பி-யில் (அவர்களுக்கு வந்த பில்களை போர்ட்டல் காட்டும் பட்டியல்) தெரியும். 2022 ஜனவரி 1 முதல், அங்கே தெரியாத பில்லுக்கு அவர்கள் உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது நம் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் வரித் தொகையை, சில சமயம் முழுப் பில்லையும் நிறுத்திவைக்கிறார்கள். மாதத் தாக்கல் என்றால் அடுத்த மாதம் 11-ஆம் தேதி. காலாண்டுத் தாக்கல் செய்பவர்கள் ஐஎஃப்எஃப்-இல் (இடையில் வரும் மாதங்களின் பில்களை ஏற்றும் வசதி) 13-ஆம் தேதிக்குள் ஏற்றினால் அந்த மாதமே கம்பெனிக்குத் தெரியும். பார்ப்பவர் மறந்தால் நமக்குத் தாமதக் கட்டணம் கொஞ்சம்தான் ஆகும், ஆனால் வாடிக்கையாளரிடம் நம் பேர் கெட்டுப்போகும். மலிவாகப் பார்ப்பவர் கையில் எத்தனை பேர் கணக்கு இருக்கிறது, அவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று சங்கம் கேட்டதா?

இத்தோடு இன்னொரு விஷயம். நம் பேட்டையில் பாதிப் பேரின் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருப்பது ஆடிட்டர் அலுவலகப் பையனின் மொபைல் எண் என்று நினைக்கிறேன். ஓடிபி அங்கேதான் போகும். வெப்சைட் டொமைன் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கும். டேலி டேட்டா எங்கேயோ ஒரு பென்டிரைவில். நம் வீட்டுச் சாவி வாடகைக்காரரிடம் இருக்கும் நிலைமை இது. யாரை மாற்றலாம் என்று யோசிக்கும் முன் மாற்றக்கூடிய நிலையில் நாம் இருக்க வேண்டும். போர்ட்டலில் மொபைல், இமெயில் இரண்டையும் நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பழைய எண்ணே கிடைக்காவிட்டால் நம் பகுதிக்குரிய ஜிஎஸ்டி அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். இதற்குச் சங்கம் ஒரு சனிக்கிழமை முகாம் போட்டால் போதும். வருகிற ஏஎம்சி தள்ளுபடியைவிட அது பெரிய உதவி.

வங்கி இந்தப் பட்டியலில் இல்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டித் தொழில் கடன்களை முன்கூட்டி அடைத்தால், குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சேவை சரியில்லாத வங்கியில் பயந்துகொண்டு கிடக்க வேண்டியதில்லை.

சரி, எல்லாக் குற்றமும் சேவை தருபவர்கள் மேல்தானா? யுபிஎஸ் பார்க்கும் பையனை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பதும், பில்லை மூன்று மாதம் இழுத்தடிப்பதும், கடைசியில் முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்வதும் நம் பேட்டையில் நடக்கிறது. பெரிய கம்பெனி நமக்கு 45 நாளில் பணம் தரவில்லை என்று எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தைக் காட்டி முறையிடுகிறோம். உத்யம் பதிவு (சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு) வைத்திருக்கும் அந்தச் சின்ன சர்வீஸ்காரருக்கும் அதே சட்டம்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள்; தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நல்ல சர்வீஸ்காரர்கள் ஏன் நம் பேட்டைக்குக் கடைசியில் வருகிறார்கள் என்று யோசித்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுப்பவர், எடுத்ததற்குப் பலன் இருந்தால்தான் அடுத்த வருடமும் எடுப்பார்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கொட்டேஷன் முடிவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அதற்குள் ஒவ்வொரு யூனிட்டிலும் கடந்த வருடப் புகார்களை எழுதி வாங்குங்கள்: எப்போது சொன்னோம், எப்போது வந்தார்கள், எப்போது மெஷின் ஓடியது. ஞாபகத்தில் இருந்தாலும் போதும். இனிமேல் மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். இப்போதே நன்றாகச் செய்துகொண்டிருப்பவர்கள் யார் என்று அந்தத் தாள்கள் சொல்லும். அவர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும். ஜிஎஸ்டி தாக்கலைப் பொது ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அவரவர் கணக்கு அவரவர் நம்பும் ஆளிடம் இருக்கட்டும். அப்புறம், வருடா வருடம் புதுப்பிக்கும் முன் இதே மாதிரி தாள்களை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். முன்மொழிய நான் தயார், வழிமொழிய யாராவது கை தூக்கினால் போதும்.

இப்படிக்கு,
பேட்டையில் லேத் ஓட்டும் உங்கள் உறுப்பினர் ஒருவன்