"றெக்கை இருக்கே, வேற தீவுக்கு போயிடும்"னு சொல்ற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தீவு நாடுகள்ல வனத்துறை, விவசாயத்துறைனு பொறுப்புல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

வவ்வால் பேச்சை எடுத்தாலே உங்ககிட்ட ஒரு பதில் ரெடியா இருக்கு. அதுக்குத்தான் றெக்கை இருக்கே, இங்க மரத்த வெட்டுனா பக்கத்து தீவுக்கு போயிட்டு போகுது, இங்க கொஞ்சம் சுட்டா அங்கருந்து வந்து சேந்துக்கும்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா பெம்பா தீவ கொஞ்சம் பாருங்க.

தான்சானியா கரையில இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்க இருக்குற பெரிய பழந்தின்னி வவ்வால் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. டெரோபஸ்ங்கற பேரினம் (நெருங்கின உறவு இனங்களோட கூட்டம்) அது, சொந்தக்காரங்க எல்லாம் ஆசியாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் பசிபிக், இந்தியப் பெருங்கடல் தீவுகள்லயும்தான். இந்தியப் பெருங்கடலையே தாண்டி வந்த கூட்டம், எதிர்த்தாப்ல ஒரு கண்டமே கிடக்கு, ஆனா ஆப்பிரிக்கா பெருநிலத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு டெரோபஸ் இனம் கூட குடியேறல.

கடல் தாண்டறது எப்பவோ ஒரு தடவை நடக்குற விபத்து மாதிரிங்க. நாலஞ்சு உயிர் வந்து சேரும், அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான தலைமுறை தனியா, அந்த தீவோட பழத்துக்கும் பூவுக்கும் ஏத்த மாதிரி மாறிக்கிட்டே போகும். அப்படித்தான் இந்த ஒரே பேரினத்துல 60 இனம் போல இருக்கு, பாதிக்கு மேல தீவுல மட்டும். வவ்வால் வீட்டுக்கு விருந்தாளி போனா நீயும் தொங்கு நானும் தொங்குறேன்னு சொல்லுவோமே, தீவுல அது கூட நடக்காது, விருந்தாளியே வர்றதில்ல.

நியூசிலாந்துல ஒரு வவ்வால் றெக்கைய சுருட்டிக்கிட்டு காட்டுத் தரையில சருகுக்குள்ள நடந்தே இரை தேடும். எதிரி இல்லாத தீவுக்கு வந்துதான் நடக்க கத்துக்கிச்சுனு ரொம்ப நாள் நினைச்சாங்க, அப்புறம் ஆஸ்திரேலியாவுல கிடைச்ச ரெண்டு கோடி வருஷ பழைய புதைபடிவத்துல அதோட முன்னோர்களே நடந்திருக்குனு தெரிஞ்சுது. (இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கதை, எல்லாரும் நம்புன விளக்கத்த ஒரு எலும்பு கவுத்துருச்சு.) அதோட பெரிய உறவு இனம் கடைசியா மிஞ்சுன இடத்துக்கு 1960கள்ல எலி ஏறிச்சு, 1967க்கு அப்புறம் அத யாரும் உறுதியா பாக்கல. அதுக்கும் றெக்கை இருந்துச்சுங்க.

மொரிஷியஸ்ல மாம்பழம் லிச்சிய காப்பாத்தணும்னு 2015லயும் 2016லயும் அரசாங்கமே அந்தத் தீவு பழந்தின்னி வவ்வால்கள பல்லாயிரக்கணக்குல சுட்டுச்சு. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுற பிராணி அது. 2018ல அழிவாபத்து பட்டியலுக்கு போயிருச்சு. பழம் போச்சேனு விவசாயிக்கு வர்ற கோவம் எனக்கு புரியுது, அத தப்புனு சொல்லல. அதே இனம் பக்கத்து ரீயூனியன்ல அழிஞ்சு, மொரிஷியஸ்ல இருந்து திரும்ப கொஞ்சம் வந்திருக்கு, அதையும் மறைக்கல. ஆனா வர கிட்டத்தட்ட 200 வருஷம் ஆச்சு, உங்க ஐந்தாண்டுத் திட்டத்துல அது அடங்குமா?

ஆஸ்திரேலியாவோட கிறிஸ்துமஸ் தீவுல மூணு நாலு கிராம் எடையுள்ள ஒரு குட்டி வவ்வால், குறைஞ்சுகிட்டே வருதுனு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா கத்துனாங்க, பிடிச்சு வளர்க்க அனுமதி வந்தது 2009 நடுவுல. ஆகஸ்ட்ல போனப்ப ஒரே ஒரு வவ்வால் சத்தம்தான் கேட்டுச்சு, பிடிக்க முடியல, 26ஆம் தேதிக்கு அப்புறம் அதுவும் இல்ல. 2017ல அழிஞ்சுருச்சுனு அறிவிச்சாங்க.

கரீபியன் தீவுகள்ல மனுஷன் வந்தப்புறம் போன வவ்வால் இனங்களோட எண்ணிக்கைய புது இனம் உருவாகி ஈடுகட்ட குறைஞ்சது 80 லட்சம் வருஷம் ஆகும்னு 2017ல ஒரு கணக்கு வந்துச்சு.

அதனால சுடற உத்தரவு போடறதுக்கு முன்னாடி அந்தந்த தீவுல தனியா எண்ணுங்க, தோட்டத்துக்கு வலை போட மானியம் கொடுங்க, துறைமுகத்துல எலிய தடுங்க. பிடிச்சு வளர்க்க அனுமதி கேட்டு யாராவது ஃபைல் அனுப்பியிருந்தா அத இந்த வாரமே எடுத்துப் பாருங்க.