சீட்டை நீட்டும் முன் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும் ஐசியூ மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பெயர் எழுதவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும். சம்பா நடவில் பாட்டில் சில்லு குத்தி, கால் வீங்கி, கிருமித்தொற்று முற்றிப் பிரஷர் படுத்துவிடும் செப்டிக் ஷாக்கில் உங்களிடம் வந்த பெரியவரின் மகன் நான்.

பிரஷரைத் தூக்கும் நார்அட்ரினலின் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நள்ளிரவில் ஒரு மருந்துச் சீட்டு நீட்டினார்கள். "லெவோசிமெண்டான். இதயத்துக்குத் தெம்பு கொடுக்கும். இங்கே ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாங்க." தஞ்சாவூரில் அந்த நேரத்தில் எத்தனை ஷட்டரைத் தட்டினேன் என்று எண்ணவில்லை. நாலாவது கடையில் ஐஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். காசுக்கு அக்கா வளையலைக் கழற்றிக் கடைக்காரரிடமே ஈடாக வைத்தாள். மழை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அப்பா மூன்றாம் நாள் போய்விட்டார். மருந்தால் போனார் என்று நான் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, நர்சிங் படிக்கும் தங்கை மகள்தான் சொன்னாள். இங்கிலாந்தில் 516 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் இதே மருந்தைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். உறுப்புகள் செயலிழப்பதும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. வென்டிலேட்டரிலிருந்து மீள்வதுதான் தாமதமானது, இதயம் தாறுமாறாக வேகமாய் அடிக்கும் படபடப்புக் கோளாறும் கூடியது. இந்த மருந்து ரத்தக் குழாயையும் தளர்த்துமாம். பிரஷர் ஏற்கெனவே பாதாளத்தில் கிடந்த மனிதருக்கு! 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் செப்டிக் ஷாக்குக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை.

இதயம் தளர்ந்த சிலருக்குப் பயன்படலாம் என்று பார்த்தோம் என்பீர்கள். இருக்கட்டும், நீங்கள் படித்தவர்கள். அதைத்தானே ஐயா அன்று சொல்லியிருக்க வேண்டும்? இதய ஸ்கேனில், அதுதான் எக்கோவில், என்ன தெரிந்தது, ஆராய்ச்சி என்ன சொல்கிறது, ஏன் இவருக்கு இது? சொல்லிவிட்டுச் சீட்டு எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால், மீட்டரைக் காட்டிவிட்டுத்தான் மூட்டையைத் திருப்புகிறார்கள். நெல்லுக்குக் கிடைக்கும் விளக்கம் விதைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. வயலில் பாட்டில் உடைப்பவர்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும். அதை விடுங்கள்.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வெளியே வாங்கச் சொல்லும் விலை கூடிய மருந்து ஒவ்வொன்றுக்கும் தமிழில் அரைப் பக்கம் போதும்: எதற்கு, பலன் எவ்வளவு உறுதி, வாங்காவிட்டால் என்ன ஆகும். நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டுச் சீட்டு எழுதுங்கள்.

அன்றிரவு டியூட்டியில் இருந்த இளம் மருத்துவரைக் கண்டிக்க வேண்டாம். விடியும்வரை அப்பா பக்கத்திலேயே நின்ற பிள்ளை அவர்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி