கேஸ்கெட் மட்டும் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கமுங்க.

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் நம் உதிரிபாகக் கடையிலிருந்து எழுதுகிறேன். விலை மாறினாலோ, தீபாவளிக்குக் கடை மூடினாலோ இரண்டு வரி அனுப்புவதுதான் வழக்கம். இந்தத் தடவை மடல் நீண்டுவிட்டது. காரணம் ஒரு காகித கேஸ்கெட்.

தெர்மோஸ்டாட் வால்வு என்பது என்ஜின் சூடேறும் வரை, அதைக் குளிர்விக்கும் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து நிற்கும் கதவு. அதை வாங்குகிறவர், மூடி ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட்டும் வாங்குவார். அது இயல்பு. ஆனால் வெயில் ஏற ஏற, "வால்வு வேண்டாங்க, கேஸ்கெட் மட்டும் கொடுங்க" என்று வருகிறவர்கள் கூடுகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பழைய வால்வைக் கழற்றி வீசிவிட்டு, வால்வு உட்காரும் ஹவுசிங்கை வெறுமனே மூடி ஓட்டப் போகிறார்கள். கேட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க? குளிர் நாட்டுக்காரன் வெச்சது" என்று பதில் வருகிறது. சில மெக்கானிக் அண்ணன்மாரும் இதையே சொல்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது தப்பு.

கணக்கைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் 38 டிகிரி அடிக்கலாம். என்ஜின் நன்றாக ஓடக் கேட்கும் சூடு 85, 90 டிகிரி. ஆக, எவ்வளவு வெயில் அடித்தாலும் காலையில் சாவி போடும்போது என்ஜின் ஐம்பது டிகிரி குறைவாகத்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடக்கத்தான் வால்வு மூடிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குப்பியில் மெழுகு அடைத்திருப்பார்கள். சூடேறினால் மெழுகு உருகிப் பெருகும், ஒரு ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை அமுக்கி வால்வு திறக்கும். கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். 1934-இல் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு, இன்றைக்கும் பெரும்பாலான வண்டிகளில் அதே மெழுகுதான்.

வால்வு இல்லாமல் காந்திபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை போய் வருகிற வண்டி உரிய சூட்டுக்கு வருவதே சிரமம். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இன்ஜெக்ஷன் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். புது வண்டிகளில் செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டால் பி0128 என்று காட்டும், என்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்பதற்கான கோடு அது. இதெல்லாம்கூட மெதுவாக வருகிற நஷ்டம். இன்னொன்று இருக்கிறது, அதுதான் பலருக்குத் தெரியாதது. பல என்ஜின்களில் இந்த வால்வுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் கூலண்ட் திரும்பும் பைபாஸ் வழியை அடிப்பக்கத் தட்டால் மூடும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. கல்லார் தாண்டி நான்கு பேரோடும் ஏசியோடும் மலை ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போகும். சூட்டைக் குறைக்கக் கழற்றினீர்கள், அதனாலேயே சூடேறுகிறது.

வால்வு விற்பதற்காக எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். சின்ன பெட்ரோல் காருக்கு அது சில நூறு ரூபாய்ச் சாமான், அதில் எனக்கு நிற்பது இரண்டு டீக்கு வரும். பொறுமை இருக்கிறவர் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் குற்றவாளி வால்வுதானா என்று பாருங்கள். வண்டி ஹீட் ஆனால் ரிசர்வாயரில் கூலண்ட் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா, வாட்டர் பம்ப் பக்கம் ஒழுக்கு உண்டா என்று பார்த்த பிறகுதான் வால்வு. முள் சடாரென்று மேலே போய், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே கிடந்தால் மூடியபடி சிக்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். அரைமணி நேரம் ஓடியும் முள் கீழேயே கிடந்தால், அல்லது என்ஜின் குளிராக இருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணையவே மாட்டேன் என்றால், திறந்தபடி நின்றுவிட்டது. ஆயில் பால்டீ நிறத்தில் இருந்தால் இந்த மடலை மூடிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். அது என்ஜின் தலைக்கடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் சமாசாரம், இந்தக் காகித கேஸ்கெட் இல்லை.

வேலையை இரவு நின்ற வண்டியில், காலையில் தொடங்குங்கள். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் நீர் 100 டிகிரியையும் தாண்டியிருக்கலாம், திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள், சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும். கீழே அகலமான தொட்டி வைத்து, ரேடியேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து கூலண்டை இறக்குங்கள். அதைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிப் பார்க்கும். அது விஷம். குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால் பெரும்பாலான வண்டிகளில் அது போய்ச் சேரும் அலுமினிய மூடிதான் ஹவுசிங். சில என்ஜின்களில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். பழைய 800, ஆல்டோ போன்றவற்றில் இரண்டு போல்ட்தான். ஸ்விஃப்ட் டீசல் போன்ற சிலவற்றில் வால்வும் ஹவுசிங்கும் சேர்ந்த ஒரே அசெம்பிளி, இடமும் நெருக்கடி. அதை வீட்டில் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். போல்ட் இறுக்கமாக இருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருங்கள். முரட்டுத்தனமாகத் திருகி போல்ட் தலை முறிந்தால், சில நூறு ரூபாய் வேலை லேத் வரைக்கும் போய்விடும்.

மூடியை எடுத்ததும் பழைய வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். இந்தப் புத்தி எனக்கு வந்த கதை இது. சொந்த ஆம்னியில் முதன்முதலாக மாற்றியபோது வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும், சூடு தெரிந்தால்தானே அது திறக்கும். நான் ரேடியேட்டர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது இல்லையா. அன்னூர் போய்ச் சேர்வதற்குள், "என்னங்க, சீட்டு சுடுதுங்க" என்றாள் வீட்டுக்காரி. முள்ளைப் பார்த்தால் சிவப்பில் நிற்கிறது. கடைக்காரன் வண்டியே வழியில் நின்றது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வால்வின் விளிம்பில் ஆடுகிற ஒரு குட்டி ஊசி சிலவற்றில் இருக்கும். அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வழி அதுதான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் முன் ஓட்டையில் துணி திணித்துக்கொள்ளுங்கள், துகள் உள்ளே போகக்கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அதன் வழியே பிறகு ஒழுகும். பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். காகித கேஸ்கெட் என்றால் அனபாண்ட் என்கிற ஒழுகாமல் அடைக்கும் பசையை மெல்லிய பூச்சாகத் தடவலாம். ரப்பர் வளையம் என்றால் எதுவுமே வேண்டாம். இட்லிக்குச் சட்னி ஊற்றுவது போலப் பூசினால், பிதுங்கியது உள்ளே உடைந்து ரேடியேட்டரை அடைக்கும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன ரேச்செட் போதும், அலுமினிய மரை சீக்கிரம் உரிந்துவிடும்.

கூலண்ட் பற்றி ஒரு வார்த்தை. சின்ன கார்களுக்குச் சுமார் நான்கு லிட்டர் வைத்திருந்தால் சரி. கான்சன்ட்ரேட் வாங்கினால் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும், ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். டப்பாவில் படித்துப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அது குடிக்கத்தான். போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கெட் அடியில் படிகிற உப்பு ரேடியேட்டரிலும் படியும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள்.

அப்புறம் ஏர் லாக், அதாவது கூலண்ட் வழியில் மாட்டிக்கொண்ட காற்று. வால்வு மாற்றியும் ஹீட் ஆகுது என்று திரும்பி வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். பேட்டரி முனையை மாட்டி, ரேடியேட்டர் மூடி திறந்திருக்கும்போதே குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேட்டில் இருந்தால் நல்லது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கோவைக்காரர்கள் பலருக்கு வண்டியில் ஹீட்டர் எங்கே என்றே தெரியாது, இதற்காகவாவது தேடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டால் குமிழ் குமிழாகக் காற்று வரும். குளிர்ந்திருந்த ஹோஸ் சட்டென்று சுட ஆரம்பித்தால் வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்பி மூடுங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை பாருங்கள். மறுநாள் காலை ரிசர்வாயரை இன்னொரு முறை பார்த்தால் வேலை முடிந்தது.

புது வால்வை மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். வால்வின் வாயில் ஒரு நூலைக் கடிக்க வைத்து, அந்த நூலாலேயே தண்ணீர்ப் பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்க விடுங்கள். சூடேறித் திறக்கும்போது நூலை விட்டுத் தொப்பென்று விழும். 82 அல்லது 88 என்று அதன் மேலேயே அடித்திருப்பார்கள், அதுதான் திறக்கத் தொடங்கும் டிகிரி. பழைய வால்வைச் சோதித்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஊட்டி, குன்னூர் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 போட்ட வால்வு அதில் லேசாகத்தான் வாய் திறக்கும், முழுதாகத் திறக்க அந்தச் சூடு போதாது. "பாதிதான் திறக்குது, டூப்ளிகேட் கொடுத்துட்டீங்க" என்று சிலர் கோபமாக போன் செய்தார்கள். சாமான் சரியானதுதாங்க, தண்ணீர்தான் அங்கே அவசரப்படுகிறது. மார்கழி உறைபனியில் வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் கடையில், வால்வு வாங்கும் யாருக்கும் கல்லா பக்கத்திலேயே கெட்டிலில் சோதித்துக் காட்டித்தான் கொடுப்போம். பழையதையும் கொண்டு வாருங்கள், அதையும் போட்டுப் பார்ப்போம், காசு இல்லை. அது நன்றாகத் திறந்தால் புதியது வாங்க வேண்டாம், வேறு எங்கே கோளாறு என்று பேசுவோம். அனபாண்ட் தடவிய சாமானை மட்டும் திரும்ப எடுக்க முடியாது. கேஸ்கெட் மட்டும் கேட்டால் கொடுப்போம், ஆனால் "வால்வு எங்கேங்க?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

வரும்போது வண்டியின் ஆர்.சி. நகலையோ அதன் போட்டோவையோ எடுத்து வாருங்கள், மாடலும் வருடமும் தெரிந்தால்தான் சரியான டிகிரி கொடுக்க முடியும். ஞாயிறு விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்