லண்டன் பெட் மாநாட்டுக்குப் புறப்படும் முன் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2026 ஜனவரி 21 முதல் 23 வரை லண்டன் எக்ஸெல் அரங்கில் 'பெட்' கல்வித் தொழில்நுட்ப மாநாடும் கண்காட்சியும் நடக்கின்றன. தஞ்சை வட்டார அரசுப் பள்ளிகளிலிருந்து அதற்குப் போகும் ஆசிரியர் குழு சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். கைகொடுத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அதையும் விவரமாகச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு அது பயன்படும்.

முதல் நன்றி, எங்கள் கோப்பைக் கையாண்ட அலுவலக எழுத்தர் அக்காவுக்கு. வெளிநாடு செல்லும் அரசு ஊழியருக்குத் துறையின் முன் அனுமதி வேண்டும். பெட் பொங்கலுக்கு அடுத்த வாரம் வருகிறது. அதற்கு முன்னால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. அந்த நாட்களில் எந்தக் கோப்பும் மேசையை விட்டு நகராது. "செப்டம்பரிலேயே கொடுத்துடுங்க சார்" என்று அவர் சொன்னது எத்தனை பெரிய உதவி என்பது பிறகுதான் புரியும். பயணத் தேதிகள், செலவு யாருடையது, எந்த வகை விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று, மாநாட்டுப் பதிவின் நகல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்தால்தான் குறிப்பு எழுதி மேலே அனுப்ப முடியும். ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

அவர் செய்த இன்னொன்றை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பணிப்பதிவேட்டில் பெயர் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து, ஒருவருக்கு முன்பெயராகவும் இன்னொருவருக்குக் குடும்பப் பெயராகவும் உட்கார்ந்திருக்கும். விசா அலுவலர் பார்வையில் இவை வேறு வேறு ஆட்கள். அனுமதி ஆணையிலேயே 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்', 'பாஸ்போர்ட் எண்' என்று இரண்டு வரி சேர்த்துத் தட்டச்சு செய்ய வைத்தார் அக்கா. விமான டிக்கெட், விசா விண்ணப்பம், மாநாட்டு நுழைவு அட்டை எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டோம்.

நம் துறை ஆணைகள் தமிழில் வருகின்றன, அதுதான் முறையும். ஆனால் பிரிட்டன் விசாவுக்கு ஆங்கிலத்தில் இல்லாத எந்தத் தாளுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பின் அடியில் இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஒரு பைசா வாங்காமல் எங்கள் எல்லோருடைய ஆணைகளையும் மொழிபெயர்த்துத் தந்தார். 'ஈட்டிய விடுப்பு', 'தற்செயல் விடுப்பு' போன்ற சொற்களுக்குப் பணிவிதிகளில் உள்ள அதே ஆங்கிலச் சொல்லைப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஐயா, அந்தப் பிடிவாதத்துக்கு எங்கள் வணக்கம்.

விசா வேலையில் துணை நின்ற சென்னைத் தம்பிகளுக்கும் நன்றி. மாநாட்டில் கலந்துகொள்ளச் சாதாரண வருகையாளர் விசாவே போதும். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. கைரேகை கொடுத்த பின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும், நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் குறுக்கிடும். ஆகவே நமக்குச் சரியான காலம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தாள் வைக்க வேண்டும். எங்கள் செலவில் ஒரு பங்கை முன்னாள் மாணவர்கள் ஏற்றார்கள். அவர்கள் பணத்தைக் கணக்கில் போட்டதோடு நிற்காமல், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கையெழுத்திட்ட கடிதமும் தந்தார்கள். பணத்துக்கு நிகரான உதவி அந்தக் கடிதம். ஆசிரியர்களுக்கு பெட் நுழைவு இலவசம் என்பதால், அவர்கள் தந்தது முழுதும் விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும்தான் போகிறது.

இனி, எங்கள் மனதில் முதலிடம் பிடித்த உதவி. கண்காட்சியில் ஒவ்வொரு நிறுவனத்தின் அரங்கிலும் பெரிய திரையில் அழகான படம் ஓடும். பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவர்கள் காட்டும் மென்பொருள் எங்கள் வகுப்பறையில் ஓடுமா என்று சோதித்துவிட்டு வர வேண்டும். அதற்காகக் கணினி ஆசிரியர் ஒருவரும், தமிழ் மென்பொருள் எழுதும் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து ஒரு பென்டிரைவும் ஒரு பக்கக் கேள்வித்தாளும் தயாரித்துத் தந்தார்கள்.

பென்டிரைவில் இருப்பது தமிழ்ச் சோதனை. மென்பொருளில் எழுத்தை உள்ளிடும் இடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டிய சொற்கள்: கொக்கு, கோவில், கௌதாரி, ஔவை, ஸ்ரீரங்கம், பக்ஷி, ஃபோன். தமிழை அடுக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, பரவாயில்லை. தெரியாத கோளாறுதான் பிள்ளைகளைப் பாதிக்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு வழியில் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியீடு ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், பிள்ளை சரியாகத் தட்டிய 'கொக்கு' தவறு என்று சிவப்பில் வரும். ஏன் தவறு என்று ஆசிரியராலும் சொல்ல முடியாது. பென்டிரைவில் 'கொக்கு' இரண்டு வடிவத்திலும் இருக்கிறது. ஒன்றை விடையாகப் பதிந்துவிட்டு மற்றதைத் தட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'ஔவை' சோதனையும் இப்படித்தான். 'ஔ' ஒரே எழுத்து. விசைப்பலகையில் அது கிடைக்காமல் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். வாசித்துக் காட்டும் குரல் அப்போது 'ஒளவை' என்று ளகரத்தை உச்சரிக்கும். சொல் கட்டும் விளையாட்டுகளில் 'கிளி' என்பதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கட்டம் வந்தால் சரி. நான்கு கட்டம் வந்து, மெலிந்த ஒரு கொக்கி மட்டும் தனிக் கட்டத்தில் நின்றால், அந்த விளையாட்டை ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழகும் வயதில் அது குழப்பிவிடும். 2022 முதல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத் தொடக்க வகுப்புகளில் பாடுபட்டுக் கொண்டுவந்த பழக்கத்தை ஒரு செயலி கலைத்துவிட நாங்கள் விட மாட்டோம். இந்தச் சொற்களைத் தேர்ந்து கொடுத்த தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கும், மாதிரிக்குத் தட்டிக் காட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி. பெரியவர்கள் தட்டினால் வராத பிழைகளெல்லாம் அவர்கள் தட்டியபோதுதான் வந்தன.

கேள்வித்தாள் ஒரே பக்கம்தான், ஆனால் கூர்மையானது. இணையத்தைத் துண்டித்துவிட்டு இப்போதே ஓட்டிக் காட்டுவீர்களா? சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தால் நாள்கணக்கில் இணையம் இல்லாத பள்ளிகள் நமக்கு உண்டு. இரண்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஓடுமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் மின்னஞ்சல் முகவரி கேட்குமா? கேட்டால் அங்கேயே தள்ளிவிடலாம். பத்துக் கணினியில் நாற்பது பேர் மாறி மாறி உட்கார்ந்தால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் கணக்கில் ஏறுமா? முதல் ஆண்டு இலவசம் என்றால் இரண்டாம் ஆண்டு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில்? வேண்டாம் என்று நிறுத்தினால் மதிப்பெண்களை எந்தக் கோப்பாக வெளியே எடுக்கலாம்?

தரவு பற்றிய கேள்விகளை எழுதித் தந்தவர் ஒரு வழக்கறிஞர். நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. பிரிட்டனில் குழந்தைகளுக்கான இணையச் சேவைகளுக்குத் தனி நெறிமுறை 2020 இலேயே நடைமுறைக்கு வந்தது. "அங்கே உள்ள பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் பாதுகாப்பை எங்கள் பிள்ளைகளுக்கும் ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்கச் சொன்னார். நாங்கள் கேட்கப் போகும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறோம். பிள்ளைகளின் செய்முறைகளைக் காட்டவும் கொஞ்சம் எடுத்துப் போகிறோம். முகம், பெயர், பள்ளிச் சீருடை எதுவும் இல்லாத படங்களாகப் பார்த்து, பெற்றோர் ஒப்புதலோடு தேர்ந்து தந்தது பள்ளி மேலாண்மைக் குழு.

ஈஸ்ட்ஹாமில் வாழும் ஈழத்து அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எக்ஸெல் அரங்கும் ஈஸ்ட்ஹாமும் ஒரே நியூஹாம் நகராட்சிப் பகுதியில் இருக்கின்றன என்பதே அவர்கள் சொல்லித்தான் தெரியும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இவர்கள், தங்குமிடம் பார்த்துத் தந்ததோடு, போக்குவரத்தில் நாம் எங்கே தவறுவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி அனுப்பினார்கள். எக்ஸெலின் மேற்கு வாசலுக்குக் கஸ்டம் ஹவுஸ் நிலையம், கிழக்குக் கோடிக்குப் பிரின்ஸ் ரீஜண்ட். 2022 இல் திறந்த எலிசபெத் ரயில் தடத்தில் ஹீத்ரோவிலிருந்து ஆபி வுட் போகும் வண்டியில் ஏறினால் கஸ்டம் ஹவுஸில் நேரே இறங்கலாம். வங்கி அட்டையையே டிக்கெட்டாகத் தட்டலாம். ஆனால் ஏறும்போது தட்டிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஏறும்போது போன், இறங்கும்போது அட்டை என்று தட்டினால் இரண்டு முடியாத பயணங்களாகக் கணக்கிட்டு இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிப்பார்கள். டி.எல்.ஆர். என்னும் இலகு ரயிலின் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவே கிடையாது, அட்டை தட்டும் கருவி ஓரமாக நிற்கும், தட்டாமல் நடந்துவிடுவோம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், காசு வாங்க மாட்டார்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டும் வசதியும் பெரும்பாலும் அடைத்தே இருக்கும், ஊரில் இருக்கும்போதே திறந்துகொள்ள வேண்டும். 'விசா' அல்லது 'மாஸ்டர்கார்டு' நிறுவனத்தின் வங்கி அட்டை ஒன்று ஆளுக்கு ஆள் வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது.

கம்பளிச் சட்டைகளும் மேற்கோட்டுகளும் அவர்கள் வீடுகளிலிருந்தே வருகின்றன. வெளியே குளிர் சுள்ளென்று இருக்கும், மாலை நாலரைக்கே இருட்டிவிடும். உள்ளே சூடேற்றிய அரங்கில் மூன்று நாளும் நடை. ஆகவே கனத்த ஒரே உடையைவிடக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நல்லது. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம்.

மின்சாதனக் கடை அண்ணன் பவர் பேங்குகளையும் பிளக்குகளையும் சரிபார்த்துக் கொடுத்தார். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர்-மணி) என்று அச்சிட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 74 வாட்-மணி வரும். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை விமான நிலையத்தில் எடுத்துவிடலாம் என்பதால் அவற்றை அவர் ஒதுக்கிவிட்டார். அங்கேயும் 230 வோல்ட்தான், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், சதுரக் கால் மூன்று கொண்ட அடாப்டர் போதும். ஆளுக்கொரு அடாப்டரும் குழுவுக்கு ஒரு நம்மூர் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கட்டித் தந்தார். போன், மடிக்கணினி சார்ஜருக்கு மட்டும் அது, ஹீட்டரையோ கெட்டிலையோ அதில் செருகக் கூடாது என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிட்டார்.

கண்காட்சியில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று, முன்பு போய்வந்த பேராசிரியை ஒருவர் சொல்லித் தந்தார். நுழைவு அட்டையில் உள்ள குறியீட்டை அரங்குக்காரர்கள் ஸ்கேன் செய்வார்கள், பிறகு விற்பனை மடல்கள் வந்து குவியும். அதற்கென்று குழுவுக்குத் தனி மின்னஞ்சல் திறந்து அதிலேயே பதிவு செய்யச் சொன்னார். பெரிய நிறுவனங்களின் அரங்கில் விற்பனையாளரோடு பேசி நேரத்தைக் கரைக்காமல், மென்பொருளை எழுதியவரைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும். சிறு நிறுவனங்களில் எழுதியவரே நிற்பார், கொக்கு சோதனையை அங்கே முதலில் செய்யலாம். கடைசி நாள் மதியத்துக்குப் பிறகு பலர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், முக்கியமானவை எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிய வேண்டும்.

கடைசியாக, எங்கள் வகுப்புகளை ஏற்றுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கு. ஜனவரி என்றால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வு. தங்கள் பாடவேளையோடு எங்கள் பாடவேளையையும் சுமந்து, விடைத்தாளையும் திருத்த ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பாடக் குறிப்பு, முடித்த பாடங்கள், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் மூன்றும் உங்கள் மேசையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் நிரப்பிய கேள்வித்தாளை பிப்ரவரி முதல் வாரத்தில், வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் வைக்கிறோம். தேறியவை, தேறாதவை இரண்டும் அதில் இருக்கும். பென்டிரைவின் நகலும் வெற்றுக் கேள்வித்தாளும் எந்தப் பள்ளி கேட்டாலும் தரப்படும்.

நன்றியுடன்,
பெட் 2026 செல்லும் அரசுப் பள்ளி ஆசிரியர் குழு
தஞ்சாவூர்